அறுக்கக் கூடாத பேனர்

நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அனுமதியில்லாத பேனர்களை அறுத்துப் போடுவதுதான் பியோ மியோங்-ஜாவின் வேலை. கணவர் இறந்த மறுவருஷம் அந்தக் கொரிய ஊரின் நகராட்சியில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து ஒன்பது வருஷமாயிற்று. உடற்பயிற்சிக்கூடம், புது அடுக்குமாடி, மீன் சூப்புக் கடை, யார் கட்டியிருந்தாலும் அறுத்து வண்டியில் எறிவார். கட்சி பேனரை மட்டும் தொடக் கூடாது. அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

"கடை பின் சந்துக்கு மாறிவிட்டது" என்று சலவைக் கடைக்காரர் குக் சங்-தே நாற்சந்தியில் கட்டிய பேனரை மியோங்-ஜா ஒரே மாதத்தில் மூன்று முறை அறுத்தார். மூன்றாம் முறை குக் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"ஏம்மா, என்னோடது மட்டும் கண்ணுக்குத் தெரியுது. பக்கத்துல நாலு கட்சிக்காரன் ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு எழுதித் தொங்க விட்டிருக்கான், அது தெரியலையா?"

"தெரியுதுங்க. தொட எனக்கு உத்தரவு இல்ல."

"அப்ப நானும் ஒரு கட்சி ஆரம்பிச்சிடறேன். சலவைக் கட்சி!"

மியோங்-ஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டது அன்று முழுக்க உறுத்தியது.

அடுத்த வாரம், மழை ஓய்ந்த காலையில், பள்ளிச் சமையற்காரப் பெண் ஒருத்தி அதே சந்தியில் சைக்கிளோடு விழுந்து கிடந்தாள். தளர்ந்து தொங்கிய கட்சி பேனரின் கயிறு கழுத்தில் மாட்டியிருந்தது. அதை விலக்கி அவளை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் மியோங்-ஜா கயிற்றை அறுத்தார்.

மதியத்துக்குள் கட்சி அலுவலகத்திலிருந்து போன். மேற்பார்வையாளர் யோம் கூப்பிட்டனுப்பினார்.

"என்னக்கா, உங்களுக்குத் தெரியாத ரூலா? விளக்கம் எழுதிக் குடுங்க."

"எழுதறேன். ரெண்டரை மீட்டருக்குக் கீழ தொங்கக் கூடாதுன்னும் ரூல் இருக்குல்ல?"

"அளந்து பாத்தீங்களா?"

"டேப் எதுக்கு? என் நெத்தியில இடிச்சுது. நான் ஒன்றரை மீட்டர்."

யோம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதையே எழுதச் சொன்னார். இருந்தாலும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கட்சிக்காரர்கள் மறுநாளே புதிதாக ஒன்றை உயரத்தில் கட்டினார்கள். விழுந்தவளை விசாரிக்கப் போனது மியோங்-ஜா மட்டுந்தான்.

குக் நான்காவது பேனரும் கட்டினார். இந்த முறை அரிவாளை எடுக்காமல் முடிச்சை அவிழ்த்து, மடித்து, பின் சந்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார் மியோங்-ஜா. குக் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். நின்றபடியே குடித்துவிட்டு மியோங்-ஜா அடுத்த தெருவுக்குப் போனார்.