பதினான்காவது விலா

திருத்தணி ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிறவர்கள் மணியம்மையிடம் என்ன வேலை என்று கேட்டால், "எலிக்கு எலும்பு எண்றேன்" என்பாள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷம் எலிக்கூண்டு கழுவியவள், 2003-இல் மைக்ராஸ்கோப் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சும்மா கிடைத்த நாற்காலியா அது?

செத்த எலிக்குட்டிக்குச் சாயம் ஏற்றி, பொட்டாஷ் கரைசலில் போடுவாள். சதை வெந்த ஜவ்வரிசி போலத் தெளிந்துவிடும். உள்ளே எலும்பு சிவப்பாகவும் குருத்தெலும்பு நீலமாகவும் தெரியும். பொட்டாஷ் கொஞ்சம் கூடினாலும் எலும்பு கழன்றுகொள்ளும். அவள் கையில் ஒன்றுகூடக் கழன்றதில்லை.

அப்புறம் விலா எண்ண வேண்டும். கருவில் முதுகெலும்புக் கண்ணிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. நீ கழுத்து, நீ விலா தாங்கு, நீ இடுப்பு என்று அதனதன் இடத்தைச் சொல்வது சில ஜீன்கள். இடுப்புக்கு "விலா வேண்டாம்" என்று சொல்கிற ஜீன்களை முடக்கிவிட்டால் அங்கேயும் விலா முளைத்துவிடும். சாதாரண எலிக்குப் பதிமூன்று ஜோடி. முடக்கிய எலிக்கு அதற்கு மேல். கூடத்தின் தலைவர் கங்காதரனின் ஆராய்ச்சியே இதுதான்.

ஒருநாள் 'சாதாரணம்' என்று சீட்டு ஒட்டிய தட்டில் நாலு குட்டிக்கும் பதினான்கு வந்தது. மூன்று தடவை எண்ணிவிட்டுத்தான் எழுதினாள்.

சீட்டு ஒட்டியவர் கணேஷ்ராம், கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர். தாளைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "எங்க, ஒரு தடவை எண்ணிக் காட்டு."

மணியம்மை ஊசியை முதல் விலாவில் வைத்தாள். "லாபம், ரெண்டு, மூணு..."

"நிறுத்து! லாபமா? அதான் ஒண்ணு கூடிப்போச்சு. சார், இவங்களைத் திரும்பக் கூண்டு கழுவ அனுப்பிடுங்க" என்று கங்காதரன் பக்கம் திரும்பினார்.

அவள் பிறந்தது திருவாலங்காட்டுக் கூலிக் குடும்பத்தில். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. ராசிக்காக லாபம் என்று தொடங்கி, அடுத்ததை ரெண்டு என்பார்கள். அந்தப் பழக்கம் விலாவிலும் ஒட்டிக்கொண்டது. கணேஷ்ராமுக்கு இது தெரியாது, போகட்டும். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்திருக்கலாமே! கழுத்து சுளுக்கிவிடும் போலிருக்கிறது.

போனால் நாற்காலி போகும்; அதைவிட, எண்ணத் தெரியாதவள் என்ற பேர் நிற்கும். அதைப் பொறுக்க மணியம்மையால் ஆகாது.

"இருங்க சார்" என்று, 'முடக்கியது' என்ற தட்டை இழுத்து வைத்தாள். "இது இன்னும் எண்ணாத தட்டு. எண்றேன், கேட்டுகினே இருங்க." லாபத்தில் தொடங்கி நிதானமாக எண்ணினாள். பதிமூன்றில் முடிந்தது. அடுத்த குட்டிக்கும் பதிமூன்றுதான்.

நிமிர்ந்து கணேஷ்ராமைப் பார்த்தாள். "லாபத்தால ஒண்ணு கூடுதுன்னா இதுக்குப் பன்னெண்டுதானே சார் இருக்கணும்? ஜீனை முடக்கினா விலா கூடும்னுதானே சொன்னீங்க, கொறையும்னு சொல்லலியே. எனக்கு எண்ணத் தெரியும் சார். சீட்டுதான் மாறிப்போச்சு."

கங்காதரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். இரண்டு தட்டையும் தானே எண்ணினார். பிறகு ஒவ்வொரு குட்டியிலிருந்தும் முன்பே வெட்டிப் பத்திரப்படுத்தியிருந்த வால் துண்டுகளை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். பதில் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை மணியம்மை நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை.

முடிவு வந்தது. சீட்டு மாறித்தான் இருந்தது.

"தட்டு எதுவானாலும் மணியம்மை எண்ணாம யாரும் எழுதக் கூடாது" என்றார் கங்காதரன், எல்லார் முன்னாலும். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் கணேஷ்ராம் புதுத் தட்டோடு வந்து நின்றார். "நானே முதல்ல எண்ணிப் பாக்கறேன். நீங்க பக்கத்துல இருங்க" என்றார். 'நீ' எங்கே போயிற்றோ!

குனிந்தார். முதல் விலாவில் ஊசியை வைத்துக் கொஞ்சம் தயங்கினார்.

"லாபம்" என்றார்.

"ஆங்" என்றாள் மணியம்மை. "மேல போங்க சார்."