தறி நின்ற பிறகும் ஆடிய அம்பு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள். முதலாளி. எம்பிராய்டரி மெஷின் ஓட்டும் அக்கா. பாய். நான்.

வேறு ஆள் கிடையாது. கடையே அவ்வளவுதான். செல்லூரில் ஒரு சந்து. முன்னறையில் மெஷின், பின்னறையில் கம்ப்யூட்டர் மேஜை. இரண்டு பக்கச் சுவருக்கும் அந்தாண்டை விசைத்தறி. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் தரை அதிரும். டம்ளரில் டீ வளையம் வளையமாக நடுங்கும். மேஜை ஆடும், மேஜையோடு மவுஸ் ஆடும், திரையில் அம்பும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள்தான் அதைக் கேட்பார்கள். எங்களுக்கு அது கண்ணிலேயே படாது.

ரவிக்கை, துப்பட்டா, பள்ளிக்கூடத்துச் சட்டைப் பையில் வைக்கிற முத்திரை, இதெல்லாம் வேலை. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால்தான் மெஷின் தைக்கும். பூவின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளி தள்ளிப் போனால் ஊசி தள்ளி இறங்கும். துணி வீண்.

கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் நான் உட்காருவேன். பதினொன்றுக்கு மேல் பாய் உட்காருவார். அதற்குப் பிறகு நான் முன்னறையில் துணியைச் சட்டத்தில் மாட்டிக் கொடுப்பேன். நான் கீழக்குயில்குடி. எட்டாவதோடு நின்றவன். தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பாய்க்கு ஐம்பது தாண்டிவிட்டது. போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்தவர். செல்போன் வந்து ஸ்டூடியோ மூடியதும் இங்கே வந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் பழசு. அது திணறித் திணறி நின்றபோது கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஒத்தக்கடை ஊர்க்காரர் ஒருவர் வந்து லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் எல்லோரும் அவரைத் திட்டினோம். எந்தப் பொத்தானும் இருந்த இடத்தில் இல்லை. அப்புறம் பழகிவிட்டது. திணறல் நின்றது.

அதில் மவுஸுக்கு என்று ஒரு பக்கம் உண்டு. ஒரு கோடு, கோட்டின் மேல் ஓர் உருண்டை. உருண்டையை வலது பக்கம் தள்ளினால் அம்பு வேகமாகப் போகும். இடது பக்கம் தள்ளினால் மெதுவாகப் போகும். எனக்கு வலது ஓரம் வேண்டும். பாய்க்கு நடுவில் இருக்க வேண்டும். அதனால் காலையில் நான் தள்ளுவேன், பதினொன்றுக்கு அவர் தள்ளுவார்.

"மாப்ள, நீ மவுஸ் ஓட்டுறியா, ஷேர் ஆட்டோ ஓட்டுறியா? அம்பு எங்க போச்சுன்னு தேட வேண்டியிருக்கு."

"நீங்க ஓட்டுறது ரோடு ரோலரு பாய்."

அக்கா முன்னறையிலிருந்து சத்தம் கொடுக்கும். "அங்க ரேசு முடிஞ்சா டிசைனக் குடுங்கப்பா. மெஷின் சும்மா நிக்கிது."

ஒரு கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாமாம். அவரவர் வேகம் அவரவர் கணக்கில் அப்படியே இருக்குமாம். அது பின்னால்தான் தெரிந்தது. தெரியாமல் போனதும் நல்லதுதான். இப்போது பாய் கடையில் இல்லை. மேலூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். கம்ப்யூட்டரும் புதுசு. நாள் முழுக்க நானே உட்காருகிறேன். காலையில் வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். உருண்டை நான் விட்ட இடத்திலேயே இருக்கும். மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

பாய் இருந்த காலத்தில் ஒரு மழைக்காலம். காலையில் வந்து பார்த்தால் உருண்டை நடுவில் இல்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. தீபாவளிக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. பொங்கல் லீவு முடிந்து வந்தபோது இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

ஒருநாள் நான் எழுந்து இடம் கொடுத்துவிட்டு நூல் எடுக்கிற சாக்கில் நின்று பார்த்தேன். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த உருண்டையைப் பிடிக்க வேண்டும். பிடிக்கப் போகும்போது அம்பு என்னுடைய வேகத்தில் இருக்கும். பாய் பிடிக்கப் போவார், அம்பு தாண்டிப் போய்விடும். திரும்ப வருவார், இந்தப் பக்கம் தாண்டிவிடும். வலது கை நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டை அமுக்கிக்கொண்டார். முதலாளி டீக்கடைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் இதைச் செய்கிறார் என்று அன்றைக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து நான் உருண்டையைத் தொடவில்லை. இடது ஓரத்திலேயே வைத்து வேலை பார்த்தேன். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் போக மவுஸைத் தள்ள வேண்டும், தூக்க வேண்டும், மறுபடியும் தள்ள வேண்டும். முழங்கை வலித்தது. இரண்டு நாள் கழித்துப் பாய் எனக்கும் சேர்த்து சம்சா வாங்கி வந்தார்.

அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருநாள் சட்டத்தில் துணி மாட்டும்போது மெதுவாகச் சொன்னது.

"தறி ஓடுற வரைக்கும் கவலையில்ல தம்பி."

அந்தத் தறி நின்ற நாளைத்தான் சொல்ல வந்தேன்.

சந்தின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். தறிக்காரர். எங்கள் சந்தில் கேதம் விழுந்தால் எடுக்கிற வரைக்கும் தறி ஓடாது. யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக நின்றுவிடும். நாங்களும் மெஷினை நிறுத்திவிடுவோம். கம்ப்யூட்டருக்குச் சத்தம் கிடையாது. அதனால் வரைகிற வேலை மட்டும் நடக்கும்.

அன்றைக்கு ஒரு நிக்காஹ் துப்பட்டா. நான்கு மூலைக்கும் கொடி, கொடிக்குள் சின்னச் சின்ன இலை. மாதிரி பார்க்கச் சாயங்காலம் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. பிணத்தை மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் படம் தயாராக இருந்தால் மெஷின் ஓடத் தொடங்கியதும் தைத்துக் காட்டிவிடலாம். அந்த மாதிரிக் கொடி பாய்தான் வரைவார். எனக்கு அந்த வளைவு வராது. பாதியைக் காலையிலேயே வந்து போட்டுவிட்டார். மீதி பாதி இருந்தது.

மெஷின் ஓடாததால் முதலாளிக்கு முன்னறையில் வேலை இல்லை. பின்னறைக்கு வந்தார். பாய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் அங்கே நின்று நான் பார்த்ததே இல்லை.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. மேஜை அசையவில்லை. அம்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தறிதேன் நின்னு போச்சே பாய். இன்னும் என்னத்துக்கு ஆடுது?"

அக்கா வாசற்படியிலிருந்து சொன்னது. "பக்கத்துத் தெருவுல ஓடுதுல்ல அண்ணே."

"அங்க ஓடுறதுக்கு இங்க டீ டம்ளரு ஆடலையே."

நான் சொன்னேன். "மவுஸு பழசுண்ணே. காலைல எனக்கும் இப்படித்தேன் ஆடுச்சு."

பொய். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் புது மவுஸ். அடியில் சிவப்பு விளக்கு எரிகிற மவுஸ். இருப்பதிலேயே நல்லதாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவரே பழசைப் பிடுங்கிவிட்டுப் புதுசைச் சொருகினார்.

அதுதான் வினையாகிவிட்டது. புது மவுஸ் பழசைவிட மும்மடங்கு ஓடியது. பாய் தொட்டதும் அம்பு திரையின் மூலைக்குப் போய் நின்றது. அந்தக் கோடு இருக்கிற பக்கத்தைத் திறந்தார். உருண்டை இடது ஓரத்தில்தான் இருந்தது. அதற்கு மேல் தள்ள இடம் இல்லை.

ஒரு புள்ளி வைத்தார். அது அடுத்த இலையில் போய் உட்கார்ந்தது. அழித்தார். இன்னொன்று வைத்தார். அதுவும் போனது. பின்கழுத்து வேர்த்துவிட்டது.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பாய், இத வெளிய குடுத்துருவமா? டவுன்ஹால் ரோட்டுல ஒருத்தரு வரைஞ்சு குடுக்குறாரு. இனிமே எல்லாத்தையும் அங்கயே குடுத்துட்டா உங்களுக்கும் செரமம் இல்ல. நீங்க முன்னாடி உக்காந்து பிசிறு நூலு வெட்டுங்க. துணிய மடிங்க. கண்ணுக்கும் நல்லது."

பாய் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தொழுதுட்டு வாரேன் தம்பி. வந்து சொல்லுறேன்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். முதலாளி போனை எடுத்து அந்த டவுன்ஹால் ரோட்டுக்காரரிடம், இரண்டு மணிக்குள் சொல்கிறேன், காத்திருங்கள் என்றார். பிறகு கேத வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வரப் போனார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் கொடியை நான் தப்பும் தவறுமாக முடித்திருக்கலாம். முடித்தால் பாய் எழுந்தது எழுந்ததுதான். பழைய மவுஸைச் சொருகினால் அம்பு மறுபடியும் ஆடும். ஒத்தக்கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மவுஸு ரொம்ப ஓடுது. கோட்டுல இடது ஓரத்துக்குப் போயாச்சு. அதுக்குமேல இல்ல."

"கோடுதேன் அம்புட்டு. அதுக்குக் கீழயும் வேகத்தக் கொறைக்கலாம். ஒரு வரி சொல்லுறேன், கட்டள அடிக்கிற கருப்புத் திரையத் தொறந்து அடிங்க."

"இங்கிலீசா?"

"பின்ன?"

"அப்ப ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. வார்த்தையாச் சொன்னா வராது."

சொன்னார். நூல்கண்டு வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிக்கொண்டேன். இங்கே பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா, இடம் விடணுமா, ஒட்டி எழுதணுமா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மனுஷன் சலித்துக்கொள்ளவில்லை. வரியின் கடைசியில் ஒன்பது எண்கள். அதில் முதலாவதும் ஐந்தாவதும்தான் வேகம், மற்றதைத் தொடாதீர்கள் என்றார். போனை வைத்துவிட்டு அடித்தேன். முதலாவதை மாற்றினேன், ஐந்தாவதை விட்டுவிட்டேன். அம்பு பக்கவாட்டில் நகர மாட்டேன் என்றது, மேலும் கீழும் பறந்தது.

அக்கா பின்னால் வந்து நின்று பார்த்தது. "என்ன தம்பி, கெணத்து வாளி கணக்கா மேலயும் கீழயுந்தேன் போகுது?"

"அஞ்சாவதும் மாத்தணும்க்கா."

"அப்ப மாத்து. பாய் வந்துருவாரு."

மாற்றினேன். அம்பு நின்றது. மவுஸை ஒரு சாண் தள்ளினேன். அம்பு ஓர் இலையின் நீளம்தான் போயிருந்தது.

இன்னொரு தடவை போன் போட்டு, இது இப்படியே இருக்குமா என்று கேட்டேன். "அணைச்சுப் போட்டா மறந்துரும் தம்பி. தெனமும் அடிக்கணும்." அடிக்கிறேன் என்றேன். அட்டையைத் திரைக்குப் பின்னால் சொருகினேன்.

பாய் வந்தார். நான் எழுந்துகொண்டேன். அவர் முன்னறையில் பிசிறு வெட்டும் கத்திரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உட்கார வரவில்லை.

"ஒரு தடவ தொட்டுப் பாருங்க பாய்."

"வேணாம் மாப்ள. மொதலாளித் தம்பி சொல்லுறதும் நெசந்தேன்."

அக்கா சொன்னது. "ஏன் பாய், புது மவுஸு வாங்கி ஒரு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள நூலு வெட்டப் போறீகளா? நான் வெட்டுறதே கோணலா இருக்குன்னு ஏச்சு வாங்குறேன். எனக்குப் போட்டிக்கு வராதீக."

சிரித்துவிட்டார். சிரித்த வாக்கில் வந்து உட்கார்ந்தார். கையை வைத்தார். கை நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. திரையில் அம்பு அசையாமல் நின்றது.

பாய் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யா அல்லாஹ்," என்றார். அழித்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அது வைத்த இடத்தில் இருந்தது.

தள்ளினார், தூக்கினார், தள்ளினார். நான் முன்னறைக்கு வந்து துணியைச் சட்டத்தில் மாட்டினேன். முதலாளி கேத வீட்டிலிருந்து வந்து, காலைக் கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது போனில் பேசிக்கொண்டு வந்தார். "இல்லப்பா. வேணாம். இங்கனயே ஆகுது."

மூன்று மணிக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது. கதவை ஒருக்களித்து வைத்தோம். எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் ஒரு தறி ஓடியது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. தரை பழையபடி அதிரத் தொடங்கியது.

பாய் பென்டிரைவைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா சொருகியது. படம் ஏறியதும் மெஷினின் சின்னத் திரையில் மொத்தம் எத்தனை தையல் என்று காட்டும். அதை வாய்விட்டுச் சொல்வது வரைந்தவர் வேலை. முதலாளி அதைத் துணியின் சீட்டில் எழுதிக்கொள்வார்.

முதலாளி சீட்டை எடுத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார். அக்கா தள்ளி நின்று பாய்க்கு வழிவிட்டது.

"எம்புட்டு பாய்?"

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"பதினெட்டாயிரத்து நானூத்தி ஆறு."