நான் காட்டியது மூன்று விரல்

நான் மூன்று விரலைத்தான் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இதற்கு மாறான கதையே வழங்கி வருவதால், முதலில் இதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் நாள் குறித்து எழுதிவைக்கும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. படப்பிடிப்பு நடந்தது ஞாயிற்றுக்கிழமை என்று அம்மா சாதிப்பார். நோட்டில் சனிக்கிழமை என்றிருக்கிறது. அதற்குக் கீழே, அன்று பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நான் போகவில்லை என்ற வருத்தமும் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போட்டி நடந்ததே இல்லை. ஆகவே சனிக்கிழமை.

அந்த ஆண்டு ஒரு தமிழ் அலைவரிசையில் வாரம் ஒருமுறை ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அதைத் ‘திரை’ என்றே சொல்வோம். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள். அவள் கேள்வி கேட்க, அவர்கள் பதில் சொல்ல, முகம் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்பதில் ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். தடுப்பு விலகும். இருவருக்கும் பெரிய ஓட்டலில் ஒரு விருந்து. அறுபதுகளில் அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு இது என்றும், எண்பதுகளில் ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று கடல் தாண்டிப் போனது என்றும் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அது பட்டுப்புடவை கட்டிக்கொண்டது. பார்வையாளர் வரிசையில் இரண்டு தரப்புக் குடும்பங்களும் கல்யாண வீட்டில்போல் உட்கார்ந்திருக்கும். பெண் எண்ணைச் சொன்னதும் கேமரா நேராக அவளுடைய அம்மாவின் முகத்துக்குத்தான் போகும்.

அந்த நாற்காலியில் என் சித்தி உட்காரப் போகிறார் என்ற செய்தி வந்தபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு கிள்ளானில் இருந்தார். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கிராணி வேலை, அதாவது எழுத்தர். வயது முப்பத்திரண்டு. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். அந்த ஜாதகம் செலாயாங்கிலிருந்து சிரம்பான் வரை பல வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சித்தி தலையைத் தூக்காமலே, “நானே எழுதிப் போட்டேன். என்னை எடுத்துட்டாங்க,” என்றார்.

முடிவு சொல்லவேண்டியவர் பிரிக்பீல்ட்ஸ் மாமா. தாத்தா காலமானபின் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன் சொன்னதுதான் சட்டம். மாமா ரயில்வேயில் சமிக்ஞைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். எதையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். அவர் கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். மூன்றாம் நாள் போன் செய்து, “போகட்டும்” என்றார். அம்மாவால் நம்ப முடியவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த நிகழ்ச்சிக்கு ஆள்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர், மாமாவின் அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே குடியிருந்தார். மாமா கேட்டுக்கொண்டபடி அவர் தடுப்புக்குப் பின்னால் உட்காரப் போகிற மூவரிடமும் ஒரு படிவத்தை நீட்டி, “இன்சூரன்ஸுக்கு பாஸ், நிரப்பிக் குடுங்க,” என்றாராம். அதில் பிறந்த நேரம், நிமிடத்தோடு கேட்கப்பட்டிருந்தது. நட்சத்திரமும் கேட்கப்பட்டிருந்தது. வேனில் போவதற்கான இன்சூரன்ஸுக்கு நட்சத்திரம் எதற்கு என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. நம் ஆள்கள்தானே.

மூன்று ஜாதகங்களும் பிரிக்பீல்ட்ஸ் ஜோசியரிடம் போயின. செலாயாங்காரருக்குப் பத்தில் ஆறு பொருத்தம். சுங்கை வே ஆளுக்கு நான்குதான், செவ்வாயும் கிடையாது, தொடவே கூடாது. ரவாங்காரருக்கு எட்டு. அவருக்கும் செவ்வாய். வைரத்தை வைரத்தால்தானே அறுக்கவேண்டும் என்று ஜோசியர் சொன்னதாக மாமா சொன்னார்.

ஆக, முகம் தெரியாமல் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில் மாமா முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தார். தெரியாதது ஒன்றே ஒன்று. ரவாங்காரர் எந்த எண்ணில் உட்காருவார் என்பது படப்பிடிப்பு நடக்கும் காலையில்தான் முடிவாகும். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். பெரியவர்கள் கையசைத்தால் தெரிந்துபோகும். பத்து வயதுப் பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பெடரல் நெடுஞ்சாலையில் கார் போகும்போதே ஒத்திகை நடந்தது. மாமா முன்சீட்டிலிருந்து திரும்பாமல், கண்ணாடியில் பார்த்தபடி, “ரெண்டு!” என்பார். நான் கன்னத்தில் இரண்டு விரல் வைப்பேன். “ஒண்ணு!” ஒரு விரல். “கட்டை விரல் உள்ள இருக்கணும். சுண்டு விரலை மடக்கு. இன்னொரு தரம்.” ரயிலுக்குப் பச்சை விளக்குக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு சித்தியிடம், “பிள்ளை என்ன காட்டுதோ அதைச் சொல்லு. நீயா எதுவும் யோசிக்க வேணாம்,” என்றார்.

“சரிண்ணே.”

சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கேமராவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அரங்கம் சுங்கை வேயில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பழைய கிடங்கு. உள்ளே பல் நடுங்கும் குளிர். வேன் டிரைவர் தண்ணீர் கொடுப்பவர்போல் வந்து, மாமாவின் மடியில் மூன்று போத்தல்களை வைத்துவிட்டுப் போனார். மாமா என் காதில், “மூணு” என்றார். பிறகு ஒருமுறை, “மூணு. விளங்குச்சா?”

நிகழ்ச்சி தொடங்கியது. சித்தி முதல் கேள்வியைக் கேட்டார். நல்ல மழை, பெடரல் நெடுஞ்சாலையில் கார் நின்றுபோய்விட்டது, என்ன செய்வீர்கள்?

முதல் எண் பாட்டுப் பாடுவேன் என்று சொல்லிப் பாடியும் காட்டினார். மூன்றாம் எண், “இன்சூரன்ஸுக்குப் போன் பண்ணுவேன். நம்பர் எப்பவும் பர்ஸ்லயே இருக்கு,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் மெச்சித் தலையாட்டினார்.

இரண்டாம் எண் கொஞ்சம் தயங்கி, “மொதல்ல பசிக்குதான்னு கேப்பேன். பசிச்சா நீங்க பேசமாட்டீங்க,” என்றார்.

“எப்படி பிரதர் தெரியும்? பார்த்ததே இல்லையே?” என்று நிகழ்ச்சி நடத்துநர் மடக்கினார்.

“இல்ல... பொதுவா பொம்பளைங்க அப்படித்தானே லா.”

அரங்கம் சிரித்தது. எனக்கு வியப்பாக இருந்தது. பசி வந்தால் சித்தி நிஜமாகவே வாயைத் திறக்கமாட்டார்.

கடைசியில் விளக்குகள் மங்கி, மேளச் சத்தம் எழுந்தது. சித்தி பார்வையாளர் பக்கம் திரும்பினார். நான் கன்னத்தில் கைவைத்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். கட்டை விரல் உள்ளே. சுண்டு விரல் மடங்கியிருந்தது. எங்கள் பக்கம் திரும்பியிருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததையும் பார்த்தேன். சித்தி என்னைப் பார்த்தார். நேராக, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்.

“நம்பர் ரெண்டு,” என்றார்.

தடுப்பு விலகியது. மற்ற வாரங்களில் பெண்கள் இந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொள்வார்கள், துள்ளுவார்கள். சித்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பக்கமிருந்து கறுத்து, உயரமாக ஒருவர் வந்து, வியர்வையைத் துடைத்தபடி நின்றார். அந்தக் குளிரில் வியர்த்தது அவருக்கு மட்டும்தான்.

கார் நிறுத்துமிடத்தில் மாமா வெடித்தார். “என்ன காரியம் பண்ணுன நீ?”

சித்தி நிதானமாகச் சொன்னார். “பிள்ளை ரெண்டுதாண்ணே காட்டுச்சு.”

நான் பாய்ந்து முன்னால் வந்தேன். “மூணு! நான் மூணுதான் காட்டினேன்!”

“ஒரே ஒரு வேலை,” என்றார் மாமா. “ஒரே ஒரு வேலை குடுத்தேன் இந்தப் பிள்ளைக்கு.” அம்மா என் தோளைக் கிள்ளினார். சித்தி காருக்குள் ஏறிக்கொண்டார். எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவர், வீட்டுப் பாடம் சொல்லித் தந்தவர், ஒருநாளும் என்மேல் பழி போடாதவர்.

மறுநாளே மாமா ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இது பிள்ளை செய்த தவறு. பிள்ளையின் தவறுக்கு ஒருத்தியின் வாழ்க்கை பலியாக வேண்டியதில்லை. டிவி விளையாட்டு விருந்தோடு முடியட்டும். ரவாங்காரரின் வீட்டாரிடம் தானே நேரில் பேசிவிடுகிறேன் என்றார். பேசியும்விட்டார். அவர்களுக்கும் சம்மதம். நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் தாம்பூலம் மாற்றிக்கொள்வது என்று நாள் குறித்தார்கள். சித்தி அதைக் கேட்டு, “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

இடையில் அந்த விருந்து நடந்தது. இருவருக்கான விருந்துக்கு நாங்கள் ஐந்து பேர் கூடப் போனோம். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக ஓட்டலுக்கு அனுப்ப முடியாது என்று மாமா பக்கத்து மேசையை எடுத்திருந்தார். அமெரிக்காவில் இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் சோடிகளோடு காவலுக்கு ஓர் ஆளை அனுப்புவார்களாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு இதைப் படித்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். “ஒருத்தர்தானா?” என்று கேட்டார்.

அன்று இரண்டாம் எண்ணில் உட்கார்ந்திருந்த அந்தச் சுங்கை வே ஆள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து எங்கள் மேசைக்கு வந்து, அப்பாவுக்கும் மாமாவுக்கும் வணக்கம் சொன்னார்.

“எங்க வேலை?” என்றார் மாமா.

“கிள்ளான் துறைமுகத்துல அங்கிள். கொண்டெய்னர் லோரி ஏத்தி விடுறது.”

“பெரிய துறைமுகம்.”

“ஆமா அங்கிள். ரொம்பப் பெரிசு.”

பணியாள் எல்லாருக்கும் பால் தேநீர் கொண்டுவந்தார். சுங்கை வே ஆள் உடனே மாமாவின் முன்னாலிருந்த கோப்பையை நகர்த்தி, “அங்கிளுக்கு இது வேணாம். சீனி போடாத தே ஓ குடுங்க,” என்றார். மாமாவுக்கு நீரிழிவு வந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்கிறாரே என்று நான் அசந்துபோய், அன்றைய தேதியின் கீழே ‘நல்ல அறிவாளி’ என்று எழுதிவைத்தேன். மாமா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு பக்கத்து மேசையில் தலைகுனிந்திருந்த சித்தியைப் பார்த்தார். பால் சேர்க்காத அந்தத் தே ஓவை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தார்.

எனக்கோ ஒரே நினைப்புதான். ஒளிபரப்பு வரட்டும், என் விரல்களை எல்லாரும் பார்க்கட்டும். இதைச் சித்தியிடமே சொன்னேன். “டிவியில வரும் பாருங்க. கேமராவுல சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சு.”

சித்தியின் முகம் வெளுத்தது. “நல்லா பார்த்தியா? உன் பக்கமா எரிஞ்சுச்சு?”

“ஆமா.”

மறுநாள் எனக்கு விலையுயர்ந்த வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று கிடைத்தது. ஒளிபரப்பு நாளன்று மாலை எல்லாருமாகப் பத்துமலைக் கோவிலுக்குப் போய்வரலாமே என்றும் சித்தி கேட்டுப் பார்த்தார். நான் அசையவில்லை.

அந்த மாலை மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் பதிவு செய்யவும் கூடிய பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. மறுநாள் ரவாங்குக்குக் கொண்டுபோகவேண்டிய தட்டுகளை அத்தை கையோடு எடுத்து வந்திருந்தார். ரிமோட் மாமாவிடம். பாட்டு வந்தது, மழைக் கேள்வி வந்தது, இன்சூரன்ஸ் வந்தது. மேளச் சத்தம் எழுந்தது.

“மாமா, நிறுத்துங்க! அதான்!”

மாமா கொஞ்சம் பின்னால் ஓட்டி, நிறுத்தினார். திரை முழுவதும் நான். கன்னத்தில் மூன்று விரல்கள், வாழைச் சீப்புபோல் தனித்தனியாக.

அப்பா நாளிதழை எடுத்து விரித்துக்கொண்டார். சித்தி தேநீர்த் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றார். மாமா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நின்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, அடுக்களை வாசலையும் அதே அளவு நேரம் பார்த்தார்.

“ரெண்டுதான்,” என்றார்.

“மாமா! மூணு! எண்ணிப் பாருங்க!”

“ரெண்டு தடவை எண்ணிட்டேன். ரெண்டுதான்.”

“ஏங்க, எனக்கு என்னமோ...” என்று அத்தை தொடங்கினார்.

“உனக்குக் கண்ணாடி மாத்தணும் லா.” மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். “பிள்ளை கையில தானா வந்திருக்கு. அதுக்கு மேல ஜோசியர் என்ன சொல்றது? ரவாங்குக்கு நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கிறேன். சுங்கை வேயில யாரு இருக்காங்கன்னு விசாரிங்க.” சொல்லிக்கொண்டே ரிமோட்டில் எதையோ அழுத்தினார். பதிவு அழிந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் இழந்த முதல் ஆவணம் அது.

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கண்ணால் பார்த்ததை இத்தனை பெரியவர்கள் சேர்ந்து இல்லை என்கிறார்களே! சித்தி தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, என்னை மடியில் இழுத்துக் கட்டிக்கொண்டார். அவரும் அழுதார். என்னைவிட அதிகமாக, உடம்பு குலுங்க அழுதார். நான் மூன்று விரல் காட்டியதை நம்பி, எனக்காக அழுகிற ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்தேன். அதனால் என் அழுகையை நிறுத்திக்கொண்டு, அவர் முதுகைத் தட்டி, “பரவால்ல சித்தி, விடுங்க,” என்று ஆறுதல் சொன்னேன்.