எல்லாத் தோணியும் மாதா

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏஜெண்ட் ஆபீசில் நான் கிளார்க். நாசரேத்தில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வந்தவள். ஒரு புயல் மழையில் ஆபீஸ் காகிதமெல்லாம் கூழானதும் எங்கள் மேனேஜருக்கு ஞானம் பிறந்தது. கொழும்புக்குப் போகும் தோணிகளின் சரக்குச் சீட்டுக்கெல்லாம் கார்பன் வைத்து ஒரு நகல். அதைக் கடல் எட்டாத மேட்டுப் பக்கக் கிட்டங்கியில், அதாவது குடோனில், பத்திரமாக வைக்க வேண்டும். பத்திரத்துக்குக் குறைவில்லை. கடலுக்கு மட்டுமா, எங்களுக்கும் அது எட்டவில்லை.

தோணி ஓட்டும் தண்டல் ஒருவர், புன்னைக்காயல்காரர், வெங்காயம் ஏற்றிவிட்டுக் கிளம்பக் காத்திருந்தார். போன நடையின் சீட்டைக் காட்டினால்தான் சுங்கத்தில் விடுவார்கள். ஆபீசில் இருந்த அசலைக் கரையான் தின்றுவிட்டது. நகலைத் தேடக் கிட்டங்கிக்குப் போனோம். காலையில் போய்ச் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினோம். மறுநாளும் அதே கதை.

தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க மேனேஜரே இறங்கினார். வெளிச்சம் போதாது என்று பெரிய பல்பு மாட்டினார். எங்களுக்கு வியர்க்கிறது என்று ஃபேன் வாங்கினார். அது அடுக்கியிருந்ததையும் பறக்கவிட்டது. கடைசியில் உண்மையான குற்றவாளி பிடிபட்டது: நாங்கள் குடிக்கும் டீ. அதையும் நிறுத்தினார்.

தண்டல் தினமும் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, வெங்காயம் மொளைவிட ஆரம்பிச்சிட்டு. அடில கெடக்க மூடையெல்லாம் ஒழுகுது. ஊர்க்காரங்க சரக்கும்மா. அவுக மொகத்துல எப்படி முழிக்க?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. தேடுவதை விட்டுவிட்டு அலமாரிகளைப் பார்த்தபடி நின்றேன். தோணியின் பெயர்படி கட்டு கட்டியிருந்தோம். அந்தோணியாருக்கு ஒரு கட்டு, சவேரியாருக்கு ஒரு கட்டு. மாதாவுக்கோ தரையிலிருந்து கூரை வரைக்கும்! தண்டலின் தோணியும் மாதாதான். இந்தக் கரையில் தோணிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தக் கட்டுகளுக்குள்ளும் ஒழுங்கு கிடையாது. எடுத்ததையெல்லாம் மேலாகச் செருகிவிட்டுப் போயிருந்தோம். எங்கள் வீட்டில் மாதாவைக் கும்பிடாத புராட்டஸ்டண்ட் வேதக்காரர்கள். அதனால்தானோ என்னவோ, எனக்கு இது உறைக்க இத்தனை நாளாயிற்று.

"அண்ணாச்சி, போன நடை எப்பக் கெளம்புனிய?"

"ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழம."

பெயரை விட்டுவிட்டு, மாதாக் கட்டுகளைப் பிரித்து மாதவாரியாக, தேதிவாரியாக அடுக்கினோம். அடுக்கி முடித்ததும் சீட்டு சட்டென்று கைக்கு வந்தது. அதற்குள் பாதி வெங்காயத்தை அழுகலென்று கரையில் கொட்டியிருந்தார்கள். அந்த நாற்றத்தைத் தாண்டி ஆபீசுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. மேனேஜருக்கு அந்தக் கஷ்டமில்லை. நகல் திட்டம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று ஹெட் ஆபீசுக்கு எழுதிவிட்டார்.

சீட்டு வாங்க வந்த தண்டலுக்கு அறிவுரையும் சொன்னார்.

"எல்லாரும் மாதான்னு வச்சா நாங்க எப்படிவே தேடுறது? வேற பேரு வையும்."

தண்டல் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"கடல்லருந்து காப்பாத்தட்டும்னுதான் சார் மாதா பேர வச்சோம். ஒங்க கிட்டங்கியிலருந்தும் காப்பாத்தணும்னு அப்பத் தெரியாமப் போச்சு."

தண்டல் படியிறங்கிப் போனதும், மேனேஜர் எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.