யாருடைய சப்போர்ட்டில்

1943 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்து குளித்தேன். பழையது சாப்பிட்டுவிட்டு, பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு அரிமளம் சாவடிக்கு நடந்தேன். பட்டாளத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்பதைத் தமிழிலும், ஊரார் சொல்வதை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை.

அன்று வந்தவள் எங்கள் தெரு விதவை. ஒரே மகன் பட்டாளத்தில் செத்துப்போயிருந்தான். அவன் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட்டாள் என்று தெரிந்தால் மாதாமாதம் பென்ஷன் வரும். இல்லையென்றால் ஒன்றும் கிடையாது.

உனக்கு யார் சப்போர்ட் என்று அதிகாரி கேட்டார். அந்தச் சொல்லுக்கு ஆதரவு என்கிறோம், துணை என்கிறோம். வழக்கில் நமக்காகப் பேசுகிறவனும் சப்போர்ட்தான். ஆனால் அதிகாரி கேட்டது அரிசி வாங்கிப் போடுகிறவனை. அதனால் சுற்றி வளைக்காமல், "ஆத்தா, ஒங்களுக்குச் சோறு போட்டது யாரு?" என்றேன்.

அவள் வாய் திறக்குமுன், சாட்சிக்கு வந்த கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இது என்னங்க கேள்வி? நாங்க எதுக்கு இருக்கோம்? அண்ணன் பொண்டாட்டிய விட்டுருவமா?"

வாசலில் நின்ற ஒருவர், "அப்பிடிச் சொல்லுங்க மாமா! அவுகளுக்கு நெல்லுச்சோறு, ஒங்களுக்குத்தான் கேப்பக்கூழு" என்றார். சிரிப்பு எழுந்தது. கொழுந்தனார் வீட்டில் அவள் ஒருவேளைகூடச் சாப்பிட்டதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தன் குடும்பத்துப் பெண்ணுக்கு நாதியில்லை என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளும் ஆண் எங்கள் பக்கத்தில் இல்லை.

அதிகாரி அவளையும் கேட்கச் சொன்னார்.

"ஆமாங்க" என்றாள், தரையைப் பார்த்து.

கூட்டம் கலைந்ததும் அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் வாயால் வரட்டும் என்றார். ஊருணிக்கரையில் அவளைப் பிடித்தேன்.

"ஆத்தா, இப்பிடிச் சொன்னா பென்ஷன் வராது. அதிகாரி பொழுது சாயத்தான் கெளம்புவாரு. வந்து மாத்திச் சொல்லுங்க."

"அவுக சபையில சொன்னத நான் எப்பிடிங்க பொய்யாக்குறது? நாளைக்கு நான் செத்தா, கொள்ளி வைக்க அவுகதானே வரணும். எனக்கு மகனா இருக்கான்?"

"அதுவரைக்கும் கஞ்சிக்கு?"

அவள் அங்கிட்டுத் திரும்பி நடந்தாள். பொழுது சாயும்வரை சாவடியில் இருந்தேன். வரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, அதிகாரிக்கு அனுப்புவதற்கு, 'உறவினர் ஆதரவில் இருக்கிறாள்' என்ற வரியை இங்கிலீஷில் சுத்தப்பிரதி எடுத்தேன். சப்போர்ட் என்ற இடத்தில் மை பரவிவிட்டது. வேறு தாள் எடுத்துத் திருத்தமாக எழுதினேன்.