அத்தையை எழுதாத படிவம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது. கடுகளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து, ஃப்ரேமில் வைத்து முடுக்கிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்ததற்குப் போய்விடுவாள். பதினொரு வருடமாக அதே ஸ்டூல். முதலாளி அவளைப் ‘பொறுமைசாலி’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பொறுமைசாலிக்குப் பிறந்ததோ ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத பெண். ஒன்பது வயது, செல்லப்பெயர் வாலு.

டாக்டர் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி. என்றார். திமிர் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை, கவனத்தைப் பிடித்து வைக்கிற விதமே இந்தக் குழந்தைக்கு வேறு, பள்ளிக்கூடம் அதற்கேற்ற சில ஏற்பாடுகளைச் செய்தால் படித்துவிடும் என்று எழுதியும் கொடுத்தார். வளர்ப்புக் கோளாறு இல்லை என்ற வரியை மட்டும் அவள் நாலு தடவை படித்தாள்.

படித்து என்ன, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலுக்குக் காரணம் நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. இரண்டு தெரு தள்ளி ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. பள்ளி விட்டதும் வாலு அங்கேதான் போகும். கண்ணாடிக் கடையில் விட முடியாது. ஒரு தடவை விட்டதற்கு மூன்று தட்டு லென்ஸையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து வைத்தது. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து மகளைக் கூட்டிவரப் போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். கணக்குத் தாளை நாத்தனார் கத்தரியால் பட்டை பட்டையாக நறுக்கி வைத்திருந்தாள். பட்டைக்கு ஒரு கணக்கு. வாலு எடை மேடைக்கு முன்னால் நின்றபடியே ஒன்றைப் போட்டது; ஒரு சின்னப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கடைசி அலமாரியில் வைத்துவிட்டு வந்தது; அடுத்ததைப் போட்டது. இருபது கணக்கு, இருபதும் சரி.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தானே? எங்கே! அவள் காதில் புகை வந்தது. பெற்றவள் நான், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவள் நான், கணக்கு மட்டும் இவளுக்குப் போட்டுக் காட்டுமா? என்ன மாயம் பண்ணினாய் என்று சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி, எனக்கும் உக்காந்தா மண்டை ஓடாது” என்றாள் நாத்தனார், கையிலிருந்த டேப்பை விடாமல். அவள் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இவளும் ஒரு தாளை நறுக்கினாள். அளவுகோல் வைத்து, நாத்தனார் நறுக்கியதைவிட நேர்த்தியாகவே நறுக்கினாள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. நேராக எழுது, ஏழாம் எண்ணை ஒழுங்காகப் போடு, எங்கே ஓடுகிறாய். மூன்றாவது பட்டையிலேயே வாலு பென்சிலைப் போட்டுவிட்டு, அத்தை நடுவில் பேசமாட்டார்கள் என்றது. போதாதா? உங்கள் தங்கைக்கே தத்துக் கொடுத்துவிடுங்கள் என்று அன்று கணவனிடம் எரிந்து விழுந்தாள். அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தான். இரண்டு நாள் அவனோடு பேச்சில்லை.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து படிவம் வந்தது. ‘குழந்தை எங்கே, எப்படி, யாருடன் இருக்கும்போது வேலையை முடிக்கிறது?’ என்று கேட்டிருந்தார்கள். பேனா நின்றது. உள்ளதை எழுதினால் அத்தையைக் கூப்பிடுவார்கள். அத்தை விளக்குவாள், டீச்சர் தலையாட்டுவார், பெற்றவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். மாட்டேன் என்றது மனசு. ‘அமைதியான தனி அறையில், அம்மாவைப் போல ஒருவர் பக்கத்தில் அமர்ந்தால் முடிக்கும். கூடுதல் நேரம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லக் கூடாது. எழுதியதை எழுதியபடி செய்தார்கள். மாடியில் தனி அறை, பக்கத்தில் ஓர் உதவி ஆசிரியை, ஒவ்வொரு பரீட்சைக்கும் அரைமணி கூடுதல். நாற்காலியில் உட்கார முடியாத பிள்ளைக்கு இன்னும் அரைமணி நாற்காலி! வாலு ரப்பரைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டது, தாளில் ஓட்டை போட்டது, வாங்கிக்கொண்டிருந்த மதிப்பெண்ணையும் கோட்டைவிட்டது. வீட்டுக்கு வந்து காலெல்லாம் வலிக்கிறது என்று அழுதது. அவளுக்கா காரணம் தெரியாது? தெரிந்தே, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று ஆறு வாரம் தள்ளினாள்.

பிறகு கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கும் சிறப்பாசிரியை விடைத்தாள்களைப் பரப்பி வைத்தார். ஏற்பாட்டால் பலன் இல்லை, நிறுத்திவிடலாம் என்று மேலே சொல்கிறார்கள், நிறுத்தினால் வாலு இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்க வேண்டியதுதான் என்று வருத்தத்தோடு சொன்னார்.

“நீங்க எழுதினபடிதாம்மா செஞ்சோம். வேற எங்கயாவது, எப்படியாவது, அவ முடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“அவ அத்தைகிட்ட முடிப்பா” என்று வந்துவிட்டது. “நின்னுக்கிட்டு, ஒவ்வொரு கணக்கா, நடுவுல ஓட விட்டா முடிப்பா. நான்தான் எழுதல.”

ஏன் என்று சிறப்பாசிரியை கேட்கவில்லை, நல்லவேளை. உயரமான மேசை, நறுக்கிய தாள், இரண்டு கணக்குக்கு ஒருமுறை பக்கத்து வகுப்புக்கு நோட்டு கொண்டுபோகிற வேலை என்று குறித்துக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், நான் பேசிக்கொள்கிறேன், ஆனால் அத்தை ஒருநாள் வந்து செய்து காட்ட வேண்டும் என்றார்.

நேரே பார்சல் ஆபீஸுக்குப் போனாள். சுற்றி வளைக்கவில்லை. பள்ளிக்கு வரவேண்டும் என்றாள். படிவத்தில் உன்னை வேண்டுமென்றே விட்டேன், பொறாமைதான், வேறொன்றும் இல்லை என்றாள். சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாத்தனார் டேப் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

“தெரியும் அண்ணி. நீங்க எழுதின மறுநாளே பாப்பா வந்து சொல்லிடுச்சு, மேசை மேல இருந்ததைப் படிச்சிருக்கு. நான் மிஸ்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், எல்லாரும் அம்மாவைத் தப்பா நினைப்பாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு.”

அப்பாவின் குறட்டையைக்கூடத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருகிற ஓட்டைவாய் அது. ஆறு வாரம் அந்த நாற்காலியில் கால் வலிக்க உட்கார்ந்திருந்தும், பள்ளியில் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை.

அவள் அங்கேயே ஒரு பார்சல் மூட்டையின் மேல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலும், சொன்னால் நம்பமாட்டீர்கள், பாழாய்ப்போன மனசு கேட்டது: இதையும் இவளிடம்தானே போய்ச் சொல்லியிருக்கிறது?