தெப்பக்குளத்தில் கிளி எடுத்த என் ஓவியம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது மதுரையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு லாட்ஜுக்கு போர்டு எழுதப் போனபோது, அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் தன் டாரட் சீட்டுக்கட்டைக் காட்டினார். குறி பார்க்கிற சீட்டுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனி ஓவியம். இடி விழுந்த கோபுரம், நிலா, தலைகீழாகத் தொங்கும் மனிதன். நம் ஊர்க் காட்சிகளை வைத்து அப்படி ஒரு கட்டு வரைய வேண்டும் என்ற ஆசை அன்றே பிடித்துக்கொண்டது.

வண்டியூர் தெப்பக்குளச் சுவரோரம் கிளி ஜோசியம் பார்க்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய சீட்டுகளெல்லாம் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. "நான் வரைஞ்சு தாரேண்ணே" என்று நானே வலியப் போய்ச் சொன்னேன்.

நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு சீட்டுகள். யானைமலைக்குப் பின்னால் சூரியன், மல்லிகைக் கூடை, வாடிவாசலில் பாயும் காளை என்று இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். அதில் ஒன்று, தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கும் தெப்பக்குளம். படிக்கட்டில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடக்கும். ஆள் இருக்க மாட்டார். நான் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது என்று நினைத்தேன்.

ஜோசியர் அதை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "இது வேணாம்ணே. நம்மகிட்ட வர்றவுக ஏற்கெனவே மனசு ஒடிஞ்சுதான் வர்றாக."

எனக்குச் சுருக்கென்றது. "நல்லதுன்னு இருந்தா கெட்டதும் இருக்கணும்ல? எடுத்தா மொத்தமா எடுங்க, இல்லாட்டி விடுங்க" என்றேன். வேறு சீட்டு இல்லாத மனிதர், மொத்தமாகவே வாங்கிக்கொண்டார்.

என் ஓவியங்களைப் பார்த்து ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அடிக்கடி சாயங்காலம் அங்கே போய் நிற்பேன். ஒருநாள் ஆஸ்பத்திரித் துணிப்பையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். கணவருக்குக் குடலில் அடைப்பு, மறுநாள் ஆபரேஷன். கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்று கேட்டார். கிளி கூண்டைவிட்டு வந்து, நடந்து, அந்த வற்றிய குளத்துச் சீட்டை இழுத்துப் போட்டது.

ஜோசியர் அவசரமாக, "குளம் வத்துனா மறுபடி பெருகத்தானேம்மா செய்யும்? தைரியமாப் போடு" என்றார். அந்தப் பெண் கேட்கவே இல்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், அழுகிற குரலில் கேட்டார்:

"இந்தச் செருப்புக்காரரு எங்கய்யா போனாரு?"

ஜோசியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் படம் ஒருவரை இப்படி உலுக்கிவிட்டதே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஜோசியர் என் கடைக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்திருக்கிறார். அந்தப் பெண் கையெழுத்துப் போடாமல் காலையிலேயே கணவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம். "நீங்க வாங்கண்ணே, நீங்க சொன்னாத்தான் அந்தம்மா நம்பும்" என்றார். அந்தக் கிராமத்தின் பெயர் அவருக்கு நினைவிருந்தது. பஸ் பிடித்துப் போனோம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அவர் கணவர் கயிற்றுக் கட்டிலில் வயிறு உப்பி, முனகிக்கொண்டு கிடந்தார். நான் அந்தப் பெண்ணிடம், "அந்தப் படத்த வரைஞ்சது நான்தாம்மா. அது என் செருப்பு. முன்னாடி கழட்டி வச்சுப் பாத்து வரைஞ்சேன். வேற ஒரு அர்த்தமும் இல்லம்மா" என்றேன். அவர் குனிந்து என் காலில் கிடந்த அதே செருப்பைப் பார்த்தார். பிறகு, "வண்டிக்குச் சொல்லுங்கய்யா" என்றார்.

அன்று ராத்திரியே மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் அவர் கணவர் இறந்துபோனார்.

முதலிலேயே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். எனக்காகச் சொன்னாரோ, உண்மையே அதுதானோ தெரியவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அம்புட்டுத் தூரம் வந்து சொன்னீகளேய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜோசியர் இருபத்தேழு சீட்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உங்க மேல கோவம் இல்லண்ணே. என்னால இத விரிக்க முடியல" என்றார். அதற்குப் பிறகு சாமிப் படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆண்டுகள் எத்தனையோ ஓடிவிட்டன. அந்த ஒரு நாள் தாமதத்தால்தான் ஓர் உயிர் போனதா என்ற கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு பெண் கண்கலங்கிக் கேட்டு நின்றபோது "அது வெறும் படம்மா" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, அந்த ஒரு நொடியை என் பெருமைக்குக் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.